சும்மா குரூப்

முத்தம்மாவின் முதுகு கன்றிப்போயிருந்தது. இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் நீலமும் மஞ்சளுமாகத் தடம் தடமாய்த் தெரிந்தது. ஜெல் குப்பியைக் கவிழ்த்துப் பிடித்தபடி கிறிஸ்டின் அப்படியே நின்றாள்.

"அக்கா, எங்கயாச்சும் விழுந்துட்டீங்களா?"

"இல்லையே."

கிறிஸ்டின் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல யாராச்சும் அடிச்சாங்களா?"

கட்டிலில் குப்புறப் படுத்திருந்த முத்தம்மா உடம்பு குலுங்கச் சிரித்தார். "எங்க வீட்டுக்காரரா? அவரு கொசுவக்கூட அடிக்க மாட்டாரு லா. அதான் டிங்கி காய்ச்சல் வந்து படுத்தாரு."

"அப்ப இது என்ன?"

முத்தம்மா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். திரைக்கு அந்தப் பக்கம் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள் அதுவரை ஏதேதோ கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சும் சட்டென்று நின்றுபோயிற்று. அது நின்ற விதம் கிறிஸ்டினுக்குப் பிடிக்கவில்லை.

ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோரை அடுத்த அந்தத் தாமான் குடியிருப்பின் சமூக மண்டபத்தில் ஒரு மூலையைத் திரைபோட்டு மறைத்து, சனிக்கிழமைதோறும் ஒரு கட்டிலும் அல்ட்ராசவுண்ட் கருவியுமாக அவள் உட்கார்ந்திருப்பாள். சுற்றியிருந்த ரப்பர் தோட்டம் கைமாறி, பாதி வீடுகளாகவும் பாதி செம்பனையாகவும் ஆனபிறகு, லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து சேர்ந்திருந்தன. ஆயுசில் பாதியைப் பால்மரம் வெட்டியே கழித்தவர்கள். காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டு, தளும்பத் தளும்பப் பாலைத் தோளில் சுமந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்கியவர்கள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இருக்காது. ஆனால் காலையில் கட்டிலைவிட்டு எழுந்திரிக்க முடியாது.

கிறிஸ்டின் ஈப்போவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயன்முறை மருத்துவம் சொல்லிக்கொடுப்பவள். அவளுடைய ஆராய்ச்சி, ஃபேஷியா என்று சொல்லப்படும் இணைப்புத் திசுவைப் பற்றியது. தோலுக்கு அடியிலும், தசைகளைச் சுற்றியும், அவற்றுக்கு இடையிலும் வெள்ளை வலைபோலப் படர்ந்திருப்பது அது. அவள் உடற்கூறு படித்த காலத்தில் அதைக் கத்தியால் வழித்துத் தட்டில் போட்டுவிட்டு, அடியில் இருக்கிற தசையைப் பார் என்பார்கள். வழித்துப்போட்ட அந்தப் பொருளில் நரம்பு முனைகள் நிறைந்திருக்கின்றன, அதுவும் வலியை உணரும், அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போனால்தான் உடம்பு இசைவாக வளையும் என்றெல்லாம் பின்னால்தான் கவனிக்க ஆரம்பித்தார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களிடம் அந்த வழுக்கல் குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்லியிருந்தன. மெதுவாக உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சியைத் தொடர்ந்து செய்தால் வழுக்கல் திரும்புமா, வலி குறையுமா என்பதுதான் கிறிஸ்டினின் கேள்வி.

அதற்காக வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்திருந்தாள். ஒரு குழு பயிற்சி செய்யும். இன்னொரு குழு எதுவும் செய்யாமல் வழக்கம்போல இருக்கும்; ஒப்பிட்டுப் பார்க்க. ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் பயிற்சி உண்டு. இதை முதல் நாளே மலாயிலும் தமிழிலும் மூச்சு வாங்க விளக்கியிருந்தாள். அவர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியிலேயே பேர் வைத்துவிட்டார்கள். ஒன்று பயிற்சி குரூப். இன்னொன்று சும்மா குரூப்.

முத்தம்மா சும்மா குரூப்.

"சொல்லுங்கக்கா. மெசினு வைக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும்."

"உங்க அண்ணன் கடைக்குத்தான் போனோம் டாக்டர்."

"எந்த அண்ணன்?"

"உங்களுக்கு எத்தன அண்ணன்?"

கிறிஸ்டினுக்கு ஒரே ஒரு அண்ணன்தான். லயனல். குனோங் ராபாட்டில் அப்பா அம்மா வீட்டு மாடியறையில் இருக்கிறான். தண்ணீர் வடிகட்டி விற்றான், இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தான், கார் பாலிஷ் கடை போட்டான். எதைச் செய்தாலும் முதல் மூன்று மாதம் அவனைக் கையால் பிடிக்க முடியாது. கடைசியாக ஜெலாப்பாங்கில் மசாஜ் நாற்காலி விற்கும் கடை திறந்திருப்பதாக வீட்டில் சொல்லியிருந்தான். அதில் அவள் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

"அவரு நாற்காலிதானேக்கா விக்கறாரு?"

"நாற்காலியா? அங்க ஒரு நாற்காலியும் இல்ல. கட்டிலு இருக்கு, இரும்புத் தகடு இருக்கு, மர உருளை இருக்கு. வெளிய போர்டுல உங்க மூஞ்சி பெருசா இருக்கு. அப்ப உங்க கடைன்னுதான நெனப்போம்?"

"என் மூஞ்சியா?"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஐயாவுவின் குரல் வந்தது. அவரும் சும்மா குரூப்தான். தோட்டத்தில் லாரி ஓட்டியவர். "அக்காவ மட்டும் ஏசாதீங்க டாக்டர். வேன் புடிச்சு எல்லாருமாத்தான் போனோம்."

"எல்லாருமான்னா?"

"எங்க குரூப்புல உள்ள எல்லாரும்."

கிறிஸ்டின் ஜெல் குப்பியை மேசைமேல் வைத்தாள். கைக்கு எட்டிய துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

"நான் என்ன சொன்னேன்? இது முடியற வரைக்கும் வேற வைத்தியம் எதுவும் பாக்காதீங்க, பாத்தா எங்கிட்ட சொல்லுங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. ஆனா இது வேற வைத்தியம் இல்லியே. உங்க வைத்தியம்னுதான உங்க அண்ணன் சொன்னாரு," என்றார் முத்தம்மா, மிக நியாயமாக. "தங்கச்சி கண்டுபுடிக்குது, நான் செஞ்சு வுடுறேன்னாரு. அந்தக் குரூப்புக்காரங்க கைய நீட்டு கால நீட்டுன்னு ஏதோ செய்யறாங்க. எங்களுக்கு மட்டும் வாரா வாரம் சட்டையத் தூக்கி, ஜில்லுனு ஜெல்லு பூசி, படம் புடிச்சு அனுப்பிடுறீங்க. எத்தன மாசத்துக்கு லா சும்மாவே வந்து போறது? வலிக்குதுல்ல?"

கிறிஸ்டின் வெளியே போய், மண்டபத்து வாசலில் நின்று பேராசிரியர் லக்ஷ்மிப்ரியாவுக்குப் போன் செய்தாள். ஆய்வுக்குப் பொறுப்பாளர் அவர்தான்.

"எத்தன பேரு?" என்று கேட்டார் லக்ஷ்மிப்ரியா.

"ஒரு குரூப் முழுசா, டாக்டர்."

"அங்க யாரு செஞ்சாங்கன்னு தெரியுமா?"

"என் அண்ணன்."

லக்ஷ்மிப்ரியா பெருமூச்சு விட்டார். "நெறிமுறைக் குழுவுக்கு நாமளே முதல்ல சொல்லிடணும், கிறிஸ்டின். உங்க அண்ணன்ங்கறதையும் சேத்து. திங்கக்கிழமை வந்து என்னைப் பாருங்க."

ஒரு வருஷ வேலை. இயந்திரத்துக்காக மூன்று முறை விண்ணப்பித்து, பாதி பேரை வீடு வீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்து, கால் வலிக்காரர் ஒருவரை வேண்டாமென்று திருப்பி அனுப்பியதற்குக் கோயில் தலைவரிடம் பேச்சு வாங்கி நடத்திய வேலை. அதை அண்ணன் ஒரு மர உருளையால் உருட்டித் தள்ளிவிட்டான்.

திரும்பி உள்ளே வந்தபோது முத்தம்மா சட்டையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டருக்கு மனசு சரியில்லை என்று தெரிந்து, பேச்சை மாற்றுகிற தோரணையில் சொன்னார். "எங்க வீட்டுக்காரரும் இன்னைக்கு அங்கதான் போயிருக்காரு. ஃபேக்டரியில ஜாகா வேல, ராத்திரியெல்லாம் காவலுக்கு நிக்கணும். கெண்டக்கால்ல ஏதோ புடிச்சிக்கிச்சு, வீங்கிக் கெடக்கு. உருட்டி எடுத்துடலாம்னு உங்க அண்ணன் வரச் சொன்னாரு."

கருவியின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த கிறிஸ்டினின் கை நின்றது.

"எந்தக் காலு?"

"எடது."

"எடது மட்டுமா? ரெண்டும் இல்ல?"

"எடது மட்டும்தான். டிங்கிக்குப் படுத்து எழுந்திரிச்சதும் ஜொகூர்ல மக வீட்டுக்குப் பஸ்ஸுல போயி வந்தாரு. வந்ததுலேருந்து இப்படி."

காய்ச்சலில் நாள்கணக்காகப் படுக்கை. அது முடிந்ததும் முடங்கி உட்கார்ந்த நீண்ட பஸ் பயணம். அப்புறம் ஒரே ஒரு கால் வீக்கம். கிறிஸ்டின் கைப்பையை எடுத்தாள். லயனலுக்குப் போன் அடித்தாள். மணி அடித்து ஓய்ந்து, அவனே பதிவு செய்திருந்த குரல் வந்தது: வணக்கம், உங்கள் உடலின் இறுக்கம் எங்கள் அக்கறை. மறுபடியும் அடித்தாள். மறுபடியும் அக்கறை.

ஜெலாப்பாங் போகும் வழியெல்லாம் அவளுக்கு முன்னால் ஒரு சிமெண்டு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கைத் தட்டியபடி, போன கிறிஸ்மஸை நினைத்தாள். வருகிறவர்கள் எல்லாரிடமும் அம்மா கெர்ட்ரூட், மகள் ஃபேஷியல் ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதா கோயில் பெண்கள் வரிசையாக வந்து முகத்துக்கு எந்தக் கிரீம் நல்லது என்று கேட்டார்கள். பொறுக்க முடியாமல் கிறிஸ்டின் மேசையிலிருந்த தம்புன் ஊர்ப் பொமலோப் பழம் ஒன்றை உரித்து, சுளைகளைச் சுற்றியிருக்கும் வெள்ளைத் தோலைக் காட்டி, ஃபேஷியா என்பது இப்படித்தான் என்று விளக்கினாள். பெண்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். லயனல் மட்டும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டான். இவனாவது கேட்கிறானே என்று அவள் அன்று சந்தோஷப்பட்டாள்.

கடை ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. வெளிச்சுவரில் அவள் முகம். பல்கலைக்கழக விழாவில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவர்களின் தோள்களை வெட்டியெடுத்திருந்தான். அதற்குக் கீழே "ஃபேஷியா அறிவியல், ஈப்போவில் முதன்முறை" என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துக் கோபப்பட அப்போது நேரமில்லை. படிகளில் ஏறினாள்.

உள்ளே, வாசலுக்கு எதிரே, ஒரு தட்டில் பொமலோ பழங்களை அடுக்கி வைத்திருந்தான். அப்பால் கட்டிலில் முத்தம்மாவின் வீட்டுக்காரர் அர்ச்சுனன் காற்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டிவிட்டுப் படுத்திருந்தார். அவருடைய காலருகே நீல நிறச் சட்டையில், கையில் உருளையோடு லயனல்.

"அண்ணே, கைய எடு."

"வா வா, நீயே வந்துட்ட. அண்ணே, இவங்கதான் நம்ம தங்கச்சி, நான் சொன்னேன்ல..."

"கைய எடுன்னேன்."

அவன் எடுத்தான். கிறிஸ்டின் அர்ச்சுனனின் இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இடது கெண்டைக்கால் வலதைவிடக் கண்ணுக்குத் தெரியப் பருத்து, பளபளவென்று சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது. விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, அந்தக் குழி அவசரமில்லாமல் மெதுவாக மேலேறியது.

"உருட்டிட்டியா?"

"இப்பத்தான் ஆரம்பிச்சேன். ரொம்ப இறுக்கமா இருக்கு. இது ஃபேஷியா ஒட்டிக்கிட்டது. நீதான சொன்ன, அடுக்கு அடுக்கா ஒட்டிக்கும்னு."

"அண்ணே," என்று அவள் அர்ச்சுனனிடம் திரும்பினாள். "படி ஏறி வந்தப்ப மூச்சு வாங்குச்சா?"

"வாங்குச்சு டாக்டர். நெஞ்சுகூட லேசா இழுத்துப் புடிச்சாப்ல இருந்துச்சு. வயசாச்சுல்ல."

"நீங்க அசையாம படுங்க. எழுந்திரிக்க வேணாம்."

ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் முகவரியை இரண்டு முறை கேட்டார்கள். டயர் கடை எந்த வரிசை என்று கேட்டார்கள். வண்டி வருகிறது, காத்திருங்கள் என்றார்கள். போனை வைத்ததும் லயனல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஆம்புலன்ஸ் எதுக்கு? கஸ்டமர் முன்னாடி இப்படி செஞ்சா என் கடை என்னாவறது?"

"கால்ல ரத்தம் கட்டியிருக்கலாம். உள் ரத்தக்குழாயில. அத நீ உருட்டினா ஒடைஞ்சு நுரையீரலுக்குப் போகும். கொஞ்சம் ஏற்கனவே போயிருக்குன்னு எனக்குப் பயமா இருக்கு."

"கட்டியிருக்கலாம். போயிருக்கலாம். எப்பவும் உனக்கு லாம் தான். எதையாச்சும் நிச்சயமா சொல்லியிருக்கியா நீ?"

"நிச்சயமா தெரிஞ்சாதான் நிச்சயமா சொல்ல முடியும்."

"அதான் பிரச்சன. உங்கிட்ட வர்றவங்க கேக்கறாங்க, வலி போகுமா? நீ சொல்ற, இன்னும் தெரியாது. எங்கிட்ட கேக்கறாங்க, நான் சொல்றேன், போகும். போயி சந்தோசமா தூங்கறாங்க. யாரு நல்லவன்?"

"முத்தம்மா அக்கா முதுகப் பாத்தியா நீ? அடிச்ச மாதிரி இருக்கு."

"கன்றிப்போனா கெட்ட ரத்தம் வெளிய வருதுன்னு அர்த்தம்."

"யார் சொன்னது?"

"கோலாலம்பூர்ல, பயிற்சியில சொன்னாங்க."

"எத்தன நாள் பயிற்சி?"

அவன் உருளையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். கட்டிலிலிருந்து அர்ச்சுனன் தலையைத் தூக்கி, "உண்மையச் சொன்னா, அவரு உருட்டுனப்ப சொகமாத்தான் இருந்துச்சு டாக்டர். இன்னும் கொஞ்சம் உருட்டிட்டுப் போலாமே," என்றார்.

"படுங்கண்ணே," என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவர் படுத்தார். படுத்த கொஞ்ச நேரத்தில் இருமினார். இரண்டாவது இருமலுக்கு அவர் முகம் சாம்பல் பூத்தது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கிறிஸ்டின் அவர் முதுகுக்குத் தலையணை கொடுத்துத் தலைப்பக்கத்தை உயர்த்தினாள், மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி குதிரைபோல ஓடியது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது லயனல் உருளையைக் கீழே வைத்துவிட்டு, அதை எங்கே மறைப்பது என்று தெரியாதவன்போலக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தான்.

"கீழ போயி ரோட்டுல நில்லு. வண்டி வந்தா கைகாட்டு," என்றாள்.

அவன் படிகளில் தடதடவென்று ஓடினான்.

ஆஸ்பத்திரியில் முத்தம்மா வந்து சேர்ந்தபோது அர்ச்சுனனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வந்ததும் அவர் கிறிஸ்டினைத்தான் பிடித்தார். "கால் வலின்னு போனவர ஆம்புலன்சுல ஏத்திட்டீங்களாமே. ஃபேக்டரியில என்ன சொல்றது? இன்னைக்கு ராத்திரி அவருக்கு வேல இருக்கு."

"அக்கா, நெஞ்சுல..."

"நெஞ்சுல ஒண்ணும் இல்ல அவருக்கு. காலையில நாலு தோச தின்னுட்டுத்தான் போனாரு."

ஸ்கேன் எடுத்த இளம் மருத்துவர் வெளியே வந்து, தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை ரத்தம் கட்டியிருப்பதாகவும், அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருப்பதாகவும், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் ஊசி போட்டிருப்பதாகவும் மலாயில் சொன்னார். சரியான நேரத்துக்கு வந்துவிட்டார், இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்திருந்தால் கதை வேறு என்றார். முத்தம்மா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மெல்லப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கிறிஸ்டினின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

லயனல் உள்ளே வரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் மரத்தடியில் நின்றான். கிறிஸ்டின் வெளியே போனபோது அவன் கண்கள் சிவந்திருந்தன.

"பொழச்சுக்குவாராமா?"

"பொழச்சுக்குவாரு."

"நீ சொன்னதத்தான நான் எல்லார்கிட்டயும் சொன்னேன்," என்றான் அவன். முன்பிருந்த வீறாப்பு குரலில் இல்லை. "ஒரு வார்த்த கூட்டிச் சொல்லல."

"கூட்டல. கொறச்சுட்ட. நான் சொன்னதுல 'தெரியாது'ங்கறது பாதி இருந்துச்சு. அத மட்டும் வெட்டிட்ட."

அவனைத் திட்ட அவள் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்தது நிறைய. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அதில் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதுவும் ஒரு எரிச்சல். மீதிப் பாதியைச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். அன்று சாயங்காலமே போர்டை இறக்கினான். கடையை மூட இன்னும் சில வாரம் ஆயிற்று. வாடகை ஒப்பந்தம் விடவில்லை.

திங்கட்கிழமை லக்ஷ்மிப்ரியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தக் குழுவின் அளவீடுகளை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்த முடியாது. பயிற்சிக் குழுவை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்லவும் முடியாது. அவர்களுக்கு வலி குறைந்திருந்தாலும் அது பயிற்சியாலா, நாளாக ஆகத் தானாகவேவா என்று யார் சொல்வது? நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால், சில மாத இடைவெளி விட்டு, எல்லாரையும் புதிதாகக் குலுக்கிப் பிரித்து, முதலிலிருந்து தொடங்கலாம்.

"முதல்லேருந்தா, டாக்டர்?"

"வேற வழி இருந்தா சொல்லுங்க."

வழி இல்லை. அந்தச் சனிக்கிழமை கிறிஸ்டின் மண்டபத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, எடுத்த படங்கள் செல்லாது என்று சொன்னாள். வருத்தப்படுவார்கள், கொஞ்சம் வெட்கப்படுவார்கள் என்று எதிர்பார்த்தாள். அவர்கள் ஏசினார்கள்.

"எத்தன மாசம் வந்தோம். இப்ப செல்லாதுன்னா?" என்றார் ஐயாவு.

"நீங்க வேன் புடிச்சுப் போகாம இருந்திருந்தா செல்லும்ணே."

"நாங்க சும்மா குரூப்புதான டாக்டர். எங்க படத்த வச்சு நீங்க என்ன செய்யப் போறீங்க? அந்தக் குரூப்புதான முக்கியம்."

கிறிஸ்டின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "யாரு சொன்னது? ரெண்டு குரூப்பும் ஒரே அளவு முக்கியம். அவங்களுக்கு வலி கொறஞ்சா அது பயிற்சியாலதான்னு எனக்கு எப்படித் தெரியும்? பயிற்சி செய்யாத உங்களுக்கும் அதே மாதிரி கொறஞ்சிருந்தா? உங்களோட சேத்துப் பாத்தாதான் தெரியும். நீங்க இல்லன்னா இந்த ஆராய்ச்சியே இல்ல. ஒண்ணும் செய்யாம இருந்தீங்களே, அதுதான் உங்க வேல."

ஐயாவு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார் முத்தம்மா.

"சொன்னேன்க்கா. முதல் நாளே சொன்னேன்."

"ஒப்பீடு, கட்டுப்பாடு, என்னென்னமோ சொன்னீங்க. அது ஒரு வேலன்னு சொல்லல. வேலன்னு சொல்லியிருந்தா செஞ்சிருப்போம்ல. சும்மா இருன்னா யாரு லா இருப்பா?"

கிறிஸ்டின் முதல் நாள் தான் காட்டிய படங்களையும் பேசிய வாக்கியங்களையும் மனதில் ஓட்டிப் பார்த்தாள். அந்தம்மா சொல்வதில் தப்பு இல்லை. அது இன்னும் கடுப்பாக இருந்தது. மறுபடியும் தொடங்கினால் வருவீர்களா என்று கேட்டாள். உடனே யாரும் கை தூக்கவில்லை. யார் எந்தக் குரூப் என்று தாங்களே எடுத்துக்கொள்ளலாமா என்றார் ஐயாவு. முடியாது என்றாள். புருஷன் பெண்டாட்டி ஒரே குரூப்பில் இருக்கலாமா என்று ஒருவர் கேட்டார். முடியாது. பயிற்சி குரூப்புக்காரர்கள், தங்களுக்கு இப்போதுதான் கொஞ்சம் நல்லாயிருக்கிறது, எதற்கு நிறுத்த வேண்டும் என்று சண்டைக்கு வந்தார்கள். மதியம்வரை இப்படியே போயிற்று. கடைசியில் பெரும்பாலோர் பேர் கொடுத்தார்கள். அதற்குள் கிறிஸ்டினுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அர்ச்சுனன் வீடு திரும்பிப் பல நாள் கழித்து, லயனல் அவரைப் பார்க்க வேண்டும் என்றான். தனியாகப் போகத் தைரியமில்லை. கிறிஸ்டின் கூட வந்தாள். வரும் வழியில் ஒரு டின் பிஸ்கட்டும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டான். எது மரியாதை என்று தெரியாமல் ஒரு பூங்கொத்தும் வாங்கினான். அதை வீட்டு வாசல்வரை கொண்டுவந்துவிட்டு, வெட்கப்பட்டுக் காரிலேயே போட்டுவிட்டான்.

அர்ச்சுனன் முன்னறையில் காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கோபப்படுவார் என்று லயனல் நினைத்திருந்தான். கிறிஸ்டினும்தான். அவர் இவனைக் கண்டதும் முகம் மலர்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"வா தம்பி. உன்னத்தான் நெனச்சேன். ஒக்காரு."

லயனல் உட்காராமலே, "அண்ணே, என்ன மன்னிச்சிருங்க. எனக்குத் தெரியாம..." என்று ஆரம்பித்தான்.

"அட, விடு லா. உன் கடைக்கு நான் வரலன்னா உன் தங்கச்சி என்னப் பாத்திருக்குமா? வீட்டுலேயே கெடந்து செத்திருப்பேன். ஒரு வகையில நீதான் காப்பாத்துன."

கிறிஸ்டின் கூரையைப் பார்த்தாள். இதைக் கேட்டு அண்ணன் முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிடுமோ என்று பயந்தாள். வரவில்லை. அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அர்ச்சுனன் சட்டைக் காலரை விலக்கி, வலது தோளைக் காட்டினார். காண்டாக் கம்பு உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இடம் தடித்துப் போயிருந்தது. "கால்தான தொடக்கூடாதுன்னாங்க. இந்தத் தோளு ரெண்டு நாளா புடிச்சிருக்கு. நீ கொஞ்சம் உருட்டி வுட்டா தேவல."

"அண்ணே, நீங்க ரத்தம் நீர்க்கிற மருந்து சாப்பிடுறீங்க. அழுத்தினா உள்ளயே ரத்தம் கசியும்," என்று கிறிஸ்டின் பதறினாள்.

"உன்னக் கேக்கல டாக்டர். தம்பியக் கேக்கறேன்."

லயனல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேணாம்ணே."

"சரி, உருட்ட வேணாம். இது எதனால வருதுன்னாச்சும் சொல்லு."

லயனல் அந்தத் தோளைப் பார்த்தான். அவனுக்கு வாயில் பதில் இல்லாமல் கிறிஸ்டின் பார்த்ததேயில்லை. தண்ணீர் வடிகட்டியானாலும், இன்சூரன்ஸானாலும், கேள்வி முடிவதற்குள் பதில் வந்து நிற்கும்.

"எனக்குத் தெரியாதுண்ணே," என்றான்.

அர்ச்சுனன் அவனைப் பார்த்துவிட்டு கிறிஸ்டினிடம் திரும்பினார். "நீ சொல்லு டாக்டர்."

"பாத்தாதான் சொல்ல முடியும். மருந்து முடியட்டும். முடிஞ்சப்புறமும் முழுசா சொல்ல முடியுமான்னு..."

"தெரியாது," என்று அவரே முடித்தார். காலரைச் சரிசெய்துகொண்டு, சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "முத்தம்மா, அண்ணனும் தங்கச்சியும் சேந்து வந்திருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாதாம். கோப்பியாச்சும் கலக்கிக் குடு, குடிச்சிட்டுப் போகட்டும்."